லெப்டாப்பைப் புதுப்பித்ததும் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? பதறாமல் பார்க்க 14 குறிப்புகள்

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பிள்ளைகளின் பழைய லெப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினா ஒண்ணுமே வரமாட்டேங்குது." பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. யுஎஸ்பி போர்ட்டுக்கும் புதிய விண்டோஸுக்கும் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

போர்ட் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கில் இருக்கும் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உலு சிலாங்கூரில் நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது கோலா குபு பாரு வட்டாரத்துக்குத் தெரிந்த கதை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு, லயத்து வீட்டு வாசலில் எடுத்த படமும், தாத்தாவின் வேலைச் சீட்டும், கோயில் திருவிழா வீடியோவும்தான் அங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி. அதனால் முதலில் டிஸ்க்கில் உள்ளதைக் காப்போம், போர்ட்டை அப்புறம் பார்ப்போம். கீழே உள்ள குறிப்புகளை அதே வரிசையில் செய்து பாருங்கள்.

1. "ஃபார்மட்" என்று கேட்டால் கைவைக்காதீர்கள். டிஸ்க்கைச் சொருகியதும் "பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு பெட்டி வரலாம். "கேன்சல்" அழுத்துங்கள். "இனிஷியலைஸ்" என்று கேட்டாலும் அதே பதில்தான். விண்டோஸால் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். உள்ளே இருப்பவை அப்படியே இருக்கக்கூடும். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

2. முழுமையாக அணைத்துத் திறங்கள். விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது "ஷட்டவுன்" கொடுத்தாலும் லெப்டாப் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், பழைய கோளாறும் கூடவே திரும்பி வரும். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு "ரீஸ்டார்ட்" கொடுங்கள். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே "ஷட்டவுன்" கொடுங்கள். திரை முழுதாக வந்த பிறகு டிஸ்க்கைச் சொருகுங்கள். பல வீடுகளில் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும்.

3. குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள். இதற்கு மூன்று சோதனை போதும். அதே போர்ட்டில் ஒரு மவுஸையோ விரலியையோ சொருகிப் பாருங்கள். டிஸ்க்கை லெப்டாப்பின் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டு லெப்டாப்பில் போட்டுப் பாருங்கள். மவுஸும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு போர்ட்டில். மவுஸ் ஓடுகிறது, டிஸ்க் மட்டும் எங்குமே வரவில்லை என்றால் கேபிளிலோ டிஸ்க்கிலோ. அடுத்த லெப்டாப்பில் டிஸ்க் திறந்தால் அங்கேயே முக்கியமான படங்களுக்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு உங்கள் லெப்டாப்பை நிதானமாகப் பார்க்கலாம்.

4. கேபிளைச் சந்தேகப்படுங்கள். பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இரண்டு பகுதியாகப் பிரிந்த அகலமான முனை உள்ள கேபிள் வரும். அடிக்கடி வளைத்துச் சுருட்டினால் அந்த முனைக்குப் பக்கத்தில்தான் முதலில் அறுபடும். டைப்-சி கேபிள்களில் இன்னொரு சிக்கல்: கைப்பேசியோடு வந்த சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும், சில மெதுவாகத்தான் தகவலைக் கடத்தும். டிஸ்க்கோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

5. மின்சாரம் போதுகிறதா என்று பாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை தரும். சுழலும் தட்டுள்ள டிஸ்க் ஓடத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில்தான் அதற்கு அதிக மின்சாரம் வேண்டும். டிஸ்க்கின் விளக்கைக் கவனியுங்கள். விளக்கு எரிந்து அணைந்து, தட்டு சுழல முயன்று நின்று, மறுபடி முயன்றால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். நான்கு போர்ட் கொண்ட சின்ன ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாக லெப்டாப்பில் சொருகுங்கள், சார்ஜரையும் மாட்டுங்கள். மேசைக் கணினிக்கான பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருக்கும். அதைச் செருகாமல் அது எழுந்திருக்காது.

6. நீல நாக்கு, கறுப்பு நாக்கு. போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். நீலம் என்றால் பொதுவாக யுஎஸ்பி 3.0, கறுப்பு என்றால் பெரும்பாலும் 2.0. எல்லா நிறுவனமும் இந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் சோதனைக்கு உதவும். கறுப்பில் டிஸ்க் வருகிறது, நீலத்தில் வரவில்லை என்றால், புதுப்பித்த பிறகு 3.0-க்கான டிரைவர் சரியாக அமரவில்லை என்று சந்தேகிக்கலாம். குறிப்பு 8 இதற்காகத்தான்.

7. தூசியையும் துருவையும் பாருங்கள். மலையடிவாரத்து ஈரக்காற்றில் போர்ட்டின் உலோக முனைகள் பச்சை பூக்கக்கூடும். லெப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, குண்டூசி, ஈரத்துணி எதுவும் வேண்டாம். பச்சை நிறம் தெரிந்தால் மின்சாதனக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, நன்றாக உலரவிட்ட பிறகு திறங்கள்.

8. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தைத் தேடுங்கள். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" இருக்கும். அதில் கீழே "யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்" என்ற தலைப்பைத் திறங்கள். எந்த வரியில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறதோ அதை மட்டும் வலது சொடுக்கி, "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் நீக்கினால் மவுஸ் நின்றுபோய் நடுவழியில் தவிப்பீர்கள்.

9. போர்ட்டைத் தூங்கவிடாதீர்கள். டிஸ்க் முதலில் வந்து, சில நிமிடங்களில் காணாமல் போகிறதா? டிவைஸ் மேனேஜரின் அதே தலைப்பில் "யுஎஸ்பி ரூட் ஹப்" வரியைத் திறந்து "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்துக்குப் போங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியின் முன்னுள்ள குறியை எடுத்துவிடுங்கள். சில லெப்டாப்களில் அந்தப் பக்கம் இருக்காது. அப்படியானால் இந்தக் குறிப்பை விட்டுவிடலாம்.

10. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எட்டிப்பாருங்கள். விண்டோஸ், எக்ஸ் விசைகளை அழுத்தி வரும் அதே பட்டியலில் இதுவும் இருக்கும். உங்கள் டிஸ்க் நீலப் பட்டையோடு தெரிகிறது, ஆனால் ஈ, எஃப் போன்ற எழுத்து மட்டும் இல்லை என்றால் மகிழ்ச்சியான செய்தி. வலது சொடுக்கி "சேஞ்ச் டிரைவ் லெட்டர்" மூலம் ஓர் எழுத்தைக் கொடுங்கள், டிஸ்க் திறந்துவிடும். "ஆஃப்லைன்" என்று இருந்தால் "ஆன்லைன்" ஆக்குங்கள். கறுப்புப் பட்டையும் "அன்அலொகேட்டட்" என்ற சொல்லும் தெரிந்தாலோ, "ரா" என்று காட்டினாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் தரவு மீட்பு தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

11. டிரைவரை நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். லெப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கொடுத்தால், தயாரித்த நிறுவனத்தின் தளம் உங்கள் மாடலுக்குரிய சிப்செட், யுஎஸ்பி டிரைவர்களைக் காட்டும். "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று வரும் விளம்பர மென்பொருளை நம்பாதீர்கள். சில வேளை தவறு விண்டோஸின் பக்கமே இருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, விண்டோஸின் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஆகவே "விண்டோஸ் அப்டேட்" பக்கத்தில் புதிய திருத்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே உதவாவிட்டால், மாறிய 10 நாளுக்குள் "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", "ரிகவரி" வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதற்கு முன் லெப்டாப்பில் உள்ளவற்றுக்குப் பிரதி எடுங்கள்.

12. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்புக்கில், 2022-இல் வந்த வென்சுரா பதிப்பிலிருந்து, புதிய சாதனத்தைச் சொருகினால் அனுமதி கேட்கும். "அலவ்" அழுத்தவில்லை என்றால் டிஸ்க் தெரியாது. விண்டோஸில் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. அதைப் பழுது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இரண்டிலும் மாறி மாறிப் பயன்படுத்தப் புதிய டிஸ்க் வாங்கினால் எக்ஸ்ஃபேட் முறை ஏற்றது.

13. கடைக்குப் போனால் முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும். "அண்ணே, உள்ளே இருக்கிற படம் போயிடக்கூடாது. என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க." ரசீதிலும் அதை எழுதி வாங்குங்கள். ரவாங் கடையானாலும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவானாலும் கேட்கத் தயங்க வேண்டாம். டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சீராகத் தட்டும் ஓசை வந்தால் உடனே கழற்றுங்கள். மறுபடி மறுபடி சொருகிப் பார்த்தால் தட்டு மேலும் சேதமாகலாம். புதுப்பித்த பிறகு 48 இலக்க மீட்பு எண் கேட்டால், அது பிட்லாக்கர் பூட்டு. லெப்டாப்பில் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். கடைக்குப் போகும்முன் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

14. இரண்டாவது பிரதியை வேறு ஊரில் வையுங்கள். அடுத்த முறை விண்டோஸைப் புதுப்பிக்கும் முன் ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் "எஜெக்ட்" கொடுத்துக் கழற்றிவிடுங்கள். இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரையும் டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள். பிரதி ஒன்றே ஒன்றாக, அதுவும் அதே அலமாரியில் இருந்தால் போதாது. 1883-இல் அணை உடைந்து பழைய கோலா குபுவில் பேரழிவு ஏற்பட்டது. பிறகும் வெள்ளம் விடாததால் ஊரையே இன்றைய இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாமே பார்த்தோம். ஒரு டிஸ்க்கை உங்களிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பெஸ்தாரி ஜெயாவிலோ ஈப்போவிலோ இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது இரண்டையும் ஒருமுறை திறந்து பார்த்து, அந்த ஆண்டின் படங்களையும் சேர்த்துவிடுங்கள். டிஸ்க்கின் மேல் தோட்டத்தின் பெயரையும், எந்த ஆண்டுப் படங்கள் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போது யாரையும் கேட்காமலே புரியும்.