சொடுக்கினால் திறக்கும் பக்கங்கள்

கேள்வி: ஒரு சொல்லைச் சொடுக்கினால் வேறொரு பக்கம் திறக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீதானே?

பதில்: இல்லை. 1989இல் செர்ன் ஆய்வகத்தில் அவர் தன் திட்டத்தை முன்வைத்தபோது அந்த யோசனைக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. 1945 ஜூலையில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் வன்னிவார் புஷ் ‘மெமெக்ஸ்’ என்றொரு மேசையை விவரித்தார். மைக்ரோஃபிலிமில் நூல்கள், அவற்றைப் படிப்பவரே ஒன்றோடொன்று கோத்துவைக்கலாம். அது கடைசிவரை செய்யப்படவில்லை.

செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோ அரங்கில் அமர்ந்து, மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கினார். கையில் மவுஸ், திரையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஆவணங்கள். கணினி வரலாற்றில் அதற்கு நிகரான ஒரு மேடையை நான் அறியேன்.

‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்று 1965இல் பெயரிட்ட டெட் நெல்சன், தம் ஸனாடு திட்டத்தில் இருவழி இணைப்பு கேட்டார்: யார் நம்மைச் சுட்டுகிறார்கள் என்பது நமக்கும் தெரியவேண்டும். பெர்னர்ஸ்-லீ ஒருவழியோடு நிறுத்திக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் யாரையும் இணைக்கலாம் என்பதால்தான் வலை அவ்வளவு வேகமாகப் பரவியது. ஆனால் சுட்டிய பக்கம் மறைந்தால் இணைப்பும் செத்துப்போகிறது. அந்த இழப்பு சிறியதல்ல.