தொலைத்தீவில் நெடுநாள் தங்குவோருக்கு ஏற்ற காமிராக் கருவிகள்

பட்டணத்துக்கு அரைமணிப் பயணத் தொலைவில் வாழ்கின்றவரின் காமிரா பழுதுற்றால் அஃது ஒருநாள் தொல்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு மறுவாரம் பெற்றுக்கொள்ளலாம். கரையிலிருந்து பல மணிநேரக் கடற்பயணத்துக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் ஆறு மாதம் தங்கச் சென்றவரின் நிலையோ வேறு. அங்கே ஒரு திருகாணி கழன்று மணலில் விழுந்தால் அதற்கு மாற்று கிடையாது. ஆமைகள் முட்டையிடும் கரைகளைக் காக்கும் பணி, கடலாராய்ச்சி நிலையங்களில் உதவியாளர் வேலை, கட்டடப் பணி, கடற்படைப் பணி எனத் தீவுகளில் நெடுநாள் தங்கும் வாய்ப்பு இன்று பலருக்கும் கிடைக்கின்றது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். அவ்வாறு செல்பவர் தாம் காணும் அரிய காட்சிகளைப் படமாக்கிக் கொண்டுவர விரும்புவது இயல்பே. எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இத்தேர்வை மிகக் கடுமையான நிலையில் செய்ய நேர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1885இல் பிறந்த பிராங்க் ஹர்லி. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் தென்துருவப் பகுதிக்குச் சென்ற குழுவின் புகைப்படக்காரராக அவர் 1914இல் பயணப்பட்டார். கண்ணாடித் தகடுகளில் படமெடுக்கும் பெரிய காமிராக்கள், சலனப்படக் கருவி, கழுவுவதற்கான மருந்துகள் என அவர் கொண்டுசென்ற சுமை பெரிது. ‘எண்டியூரன்ஸ்’ என்னும் அவர்களுடைய கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் நெருக்குண்டு நொறுங்கிய அக்கப்பலை அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் நாள் அனைவரும் கைவிட்டு இறங்கினர். எடுத்த படங்களோ உள்ளே நின்றுவிட்டன. சில நாள்களுக்குப் பின் ஹர்லி திரும்பிச் சென்று, சட்டையைக் களைந்து, பனிக்குழம்பு நிரம்பிய கப்பலின் அடிப்பகுதிக்குள் இறங்கிப் பெட்டிகளை மீட்டார். படத்தகடுகள் கெடாமல் இருந்தமைக்குக் காரணம், அவை ஈயம் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளில் இருந்தமையே. விலையுயர்ந்த காமிராவைவிட அன்று பயன்பட்டது அந்தத் தகரப் பெட்டிதான் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

மீட்டவை அனைத்தையும் சுமந்து செல்ல இயலாது. பனிப்பரப்பில் படகுகளை இழுத்துச் செல்ல வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு ராத்தலும் பாரமே. நவம்பர் 9ஆம் நாள் ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனிமேல் அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தனர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டனர். ஏறத்தாழ 400 தகடுகளை அங்கேயே உடைத்து நொறுக்கினர். மனம் மாறி மீண்டும் வந்து பொறுக்கிக்கொள்ள வழியில்லாதிருக்கும் பொருட்டே உடைத்தனர். பெரிய காமிராக்களையும் விட்டுவிட்டார் ஹர்லி. அவர் கையில் எஞ்சியது சட்டைப் பையில் அடங்கும் ‘வெஸ்ட் பாக்கெட் கோடாக்’ என்னும் மடிப்புக் காமிராவும் மூன்று பிலிம் சுருள்களும் மட்டுமே. 1912இல் விற்பனைக்கு வந்த அவ்வகைக் காமிராவில் ஒரு சுருளுக்கு எட்டுப் படங்களே எடுக்கலாம்.

1916 ஏப்ரல் 15ஆம் நாள் அவர்கள் எலிபன்ட் தீவில் கரையேறினர். மனிதர் வாழாத, பாறையும் பனியுமான தீவு அது. அங்கிருந்து ஷாக்கிள்டன் ஐவரை உடன் அழைத்துக்கொண்டு ‘ஜேம்ஸ் கெய்ர்ட்’ என்னும் சிறு படகில் உதவி தேடிப் புறப்பட்டார். எஞ்சிய 22 பேரும் இரண்டு படகுகளைக் கவிழ்த்து அவற்றின் அடியில் குடியிருந்தனர். ஆகஸ்டு 30ஆம் நாள் லூயிஸ் பார்டோ என்னும் சிலி நாட்டுக் கப்பல் தலைவர் ‘யெல்ச்சோ’ கப்பலில் வந்து அவர்களை மீட்கும்வரை, ஏறத்தாழ நான்கரை மாதம் ஹர்லிக்குத் துணையாயிருந்தது அந்தச் சிறு காமிராவே. படகு கடலுள் இறங்கும் காட்சி, கரையில் கூடிநின்ற தோழர்கள், கவிழ்த்த படகாலான குடில் ஆகியவை உலகுக்குத் தெரியவந்தது அதன் வழியாகத்தான். பிலிம் குறைவாயிருந்தமையால் ஒவ்வொரு படத்துக்கும் முன் அவர் நெடிது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். (படகு புறப்பட்ட காட்சியையே பின்னர் ஷாக்கிள்டனின் நூலில் ‘மீட்பு’ எனப் பெயரிட்டு வெளியிட்டமை வேறு கதை, அதைப் போற்றுவதற்கில்லை.)

நம் நாட்டுத் தீவுகளுக்குச் செல்பவருக்குப் பனியின் தொல்லை இல்லை. ஆனால் வேறு மூன்று பகைகள் உள்ளன. அவை ஈரம், உப்பு, மின்சாரக் குறைவு என்பன.

இவற்றுள் கொடியது ஈரம். சரியாக உலராத ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி வைத்தால் சில நாள்களில் அவற்றின்மேல் பூசணம் பூத்து, தரம் குறைந்து, விலையும் குறைவதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர். காமிராவின் லென்சுக்கும் இதுவே கதி. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றது. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்தில், இருளில், காற்றோட்டமின்றிக் கிடக்கும் லென்சின் உள்ளே பூசண வித்துகள் முளைத்துச் சிலந்தி நூல்போலப் படரும். நாளடைவில் அஃது அமிலத்தைச் சுரந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் அத்தழும்பு நீங்காது. பழைய லென்சு வாங்குவோர் அதன் ஒரு முனையில் கைவிளக்கைப் பிடித்து மறுமுனை வழியே உற்று நோக்குதல் வேண்டும். நூல்போன்ற கோடுகள் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

தோல் உறையில் காமிராவைப் பூட்டி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. தீவில் இதனினும் கேடானது வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சிக் காத்து வைத்திருக்கும். அதற்கு மாறாக, மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் பொருத்திய, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்குக. சமையலறைப் பொருள்கள் விற்கும் கடையிலேயே அது கிடைக்கும். அதனுள் சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சும் மணிகளைத் துணிப்பையில் கட்டி வைத்தல் வேண்டும். உப்பு நீர்த்துப் போகாதிருக்க ஜாடியில் நாலு அரிசி மணிகளைப் போட்டு வைக்கும் நம் வீட்டுப் பெண்களின் முறையும் இத்தகையதே; ஆயினும் சிலிக்கா ஜெல்லின் ஆற்றல் அரிசிக்கு இல்லை. நிறங்காட்டும் மணிகளைக் கேட்டு வாங்குதல் நலம். நீலநிற மணிகள் ஈரம் நிறைந்ததும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சுநிற மணிகள் பச்சையாகும். நிறம் மாறியவற்றை வாணலியில் இளந்தீயில் வறுத்தால் மீண்டும் பழைய நிறம் பெற்றுப் பயன்படும். தீ மிகுந்தால் கெட்டுவிடும். நீலமணிகளில் கோபால்ட் உப்பு சேர்ந்திருப்பதால் அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கலாகாது; அதற்கெனத் தனி வாணலி வேண்டும். ஈரமான காமிராவைப் பெட்டிக்குள் அப்படியே அடைப்பதும் தவறு. முதலில் துடைத்து, நிழலில் காற்றாட வைத்துப் பின்னரே மூடவேண்டும்.

குளிரூட்டிய அறையிலிருந்து காமிராவை வெளியே கொண்டுவந்தவுடன் லென்சின்மேல் நீராவி படிவதைப் பலர் கண்டிருப்பர். ஹெர்பர்ட் பாண்டிங் என்னும் ஆங்கிலப் புகைப்படக்காரர் 1911 முதல் 1912 வரை தென்துருவத்தை அடுத்த ராஸ் தீவில் தங்கியபோது, உறைகுளிரிலிருந்து வெப்பமான குடிலுக்குள் காமிராவைக் கொண்டுவரும்போதெல்லாம் இதே தொல்லையை எதிர்கொண்டார். இடம் நேர்மாறாயினும் இயற்கை விதி ஒன்றே. குளிர்ந்த பொருள்மேல் வெப்பக் காற்றின் ஈரம் படியும். காமிராவை வாய்கட்டிய பிளாஸ்டிக் பையிலிட்டு வெளியே கொண்டுவந்து, அரைமணி நேரம் பொறுத்துத் திறந்தால் இத்துன்பம் இல்லை.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. கடற்காற்றில் உப்புத் துளிகள் கலந்தே வரும். ஒவ்வொரு மாலையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காமிராவின் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். லென்சின் முன்னே நிறமற்ற காப்புக் கண்ணாடி ஒன்றைத் திருகி வைத்தால் தேய்வது அதுவேயன்றி லென்சு அன்று. மணற்கரையில் நின்றுகொண்டு லென்சை மாற்றக் கூடாது. முக்காலியின் கால்களைக் கடல்நீரில் நிறுத்தியிருந்தால் அன்றே நன்னீரில் அலச வேண்டும். காமிராவே கடலில் விழுந்துவிட்டால் இயக்கிப் பார்க்காமல் உடனே பாட்டரியைக் கழற்றுக; பெரும்பாலும் அது பிழைப்பதில்லை.

அக்காரணம் பற்றியே ஒரு பெரிய காமிராவைவிட இரண்டு எளிய காமிராக்கள் மேல் என்கிறோம். அவ்விரண்டும் ஒரே நிறுவனத்தின், ஒரே லென்சுப் பொருத்தமுடைய, ஒரே பாட்டரியை ஏற்கும் வகையாய் இருத்தல் வேண்டும். ஒன்று பழுதானாலும் அதன் லென்சும் பாட்டரியும் மற்றொன்றுக்கு உதவும். இரண்டு வெவ்வேறு வகைகளை வாங்கினால் இந்நன்மை கிட்டாது. இரண்டு வாங்க வசதியில்லாதவர் ஒரு காமிராவும், நீர்புகாத கைத்தொலைபேசியும் கொண்டு சென்றால் போதும். இன்றைய நல்ல கைத்தொலைபேசியின் படம், ஹர்லியின் சிறு காமிரா தந்ததைவிடக் குறைவுடையதன்று.

லென்சுகளில் ஆசைக்கு எல்லையில்லை. முதுகின் வலிமைக்கோ எல்லையுண்டு. குடில், கரை, மனிதர், உணவு, படகு என அன்றாட வாழ்வுக்கு 24 முதல் 70 மில்லிமீட்டர் வரையுள்ள லென்சு ஒன்று போதும். கடற்பறவைகளைப் படமெடுக்க எண்ணுபவர் 400 மில்லிமீட்டர் எட்டும் லென்சு ஒன்றைச் சேர்த்துக்கொள்க. சபா மாநிலத்தின் கரையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாயாங் லாயாங் தீவு போன்ற இடங்களில் பறவைகளே காட்சியின் பெரும்பகுதி. ஆமைக் கரைகளுக்குச் செல்பவருக்கோ அந்த நெடிய லென்சு வீண் பாரம். ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. மின்னொளி பாய்ச்சினால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். எனவே பிளாஷ் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, குறைந்த ஒளியில் படமெடுக்கவல்ல, அகன்ற திறப்புள்ள 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றைத் தேர்தல் அறிவுடைமை. அங்குள்ள காவலரின் விதி படமெடுக்கவே வேண்டாம் என்றால் காமிராவைப் பையிலேயே வைத்துக்கொள்க.

பல தீவுகளில் மின்சாரம் டீசல் இயந்திரத்திலிருந்து நாளுக்குச் சில மணிநேரமே கிடைக்கும், அதுவும் ஏறியிறங்கும். ஆதலின் நான்கு பாட்டரிகளேனும் வேண்டும். யு.எஸ்.பி. கம்பி வழியாக மின்னேற்றிக்கொள்ளும் காமிராவாயின், மடக்கக்கூடிய சூரிய மின்தகடு ஒன்றும் மின்சேமிப்புப் பெட்டி ஒன்றும் பெரிதும் உதவும். சூரியத் தகட்டை நேரே காமிராவில் இணைக்காமல், முதலில் சேமிப்புப் பெட்டியை நிரப்பி அதிலிருந்து காமிராவுக்கு ஏற்றுவது பாதுகாப்பு. வானூர்தியில் செல்வோர் லித்தியம் பாட்டரிகளைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும். 100 வாட்மணிக்கு மேற்பட்டவற்றுக்கு நிறுவனத்தின் முன்னனுமதி தேவை.

மின்சாரமே இல்லாத இடமாயின் பழைய பிலிம் காமிராவை இகழற்க. 1982இல் வந்த ‘நிக்கான் எஃப்எம்2’ போன்றவை பாட்டரி இல்லாமலும் இயங்குவன. ஒளியளக்கும் மானிக்கு மட்டுமே அவற்றில் பாட்டரி வேண்டும். ஆனால் வெப்பமும் ஈரமும் பிலிமைக் கெடுக்கும். படமெடுத்த சுருளை மாதக்கணக்கில் கழுவாமல் வைத்திருந்தால் உருவம் மங்கும். கரைக்குச் செல்லும் படகு வரும்போதெல்லாம் எடுத்த சுருள்களைக் கொடுத்தனுப்புதல் வேண்டும்.

இனிப் படங்களைச் சேமிக்கும் கணக்கு. நாளுக்கு 100 படம் எடுப்பவர் 180 நாளில் 18,000 படம் எடுப்பார். ஒரு படம் 30 மெகாபைட் எனக் கொண்டால் மொத்தம் 540 கிகாபைட் ஆகும். 1 டெராபைட் கொள்ளும் சேமிப்புத் தட்டு ஒன்று போதும். ஆனால் ஒன்றை மட்டும் நம்பலாகாது. சுழலும் பகுதியற்ற வகையில் இரண்டு வாங்கி, ஒவ்வோர் இரவும் இரண்டிலும் பதிவு செய்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஊர் திரும்பும்போது ஒன்று உங்கள் சட்டைப் பையிலும் மற்றொன்று தோழரின் பெட்டியிலும் பயணம் செய்யட்டும். காமிரா போனால் பணம் சேர்த்து வேறொன்று வாங்கலாம். ஆறு மாத வாழ்வின் படங்களை எக்கடையிலும் வாங்க இயலாது. ஹர்லி குளிர்நீருள் இறங்கியது தம் காமிராவுக்காக அன்று.

புறப்படும் வாரத்தில் புதிய காமிரா வாங்குவது கூடாது. இரண்டு மாதம் முன்னதாகவே வாங்கி, கோயில் திருவிழாவிலும், மழைநாளிலும், விடியற்காலைப் பிரட்டிலும் எடுத்துப் பழகுக. பொத்தான்களை இருளில் கைதடவியே அறியும் அளவுக்குப் பழக்கம் வேண்டும். பின்னர், கொண்டு செல்ல எண்ணிய யாவற்றையும் பாயில் பரப்பிவைத்து நிறுத்துப் பாருங்கள். எட்டுக் கிலோவுக்கு மேற்பட்டால் எதையேனும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். சிறிய திருப்புளி, லென்சு துடைக்கும் துணிகள், காற்றூதும் ரப்பர்க் குமிழ், தைப்பூசியும் நூலும், சுற்றி ஒட்டும் பட்டை ஆகிய சிறு பொருள்களை மட்டும் குறைக்க வேண்டா. ஒரு குறிப்பேடும் இரண்டு பென்சிலும் வையுங்கள். பேனாவின் மை ஈரத்தில் பரவும், பென்சில் எழுத்துப் பரவாது. எந்நாளில், எவ்விடத்தில், யாரைப் படமெடுத்தீர்கள் என்பதை அன்றன்றே அதில் எழுதிவருக.