பழைய குரோனோகிராஃப் விற்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கை அசைந்தாலே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கடிகாரம் வந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. பட்டனைத் தட்டினால் விநாடி எண்ணும் குரோனோகிராஃபும் இருந்தது. இரண்டையும் ஒரே கேஸுக்குள் அடக்குவதுதான் நெடுநாள் கைகூடவில்லை. 1969இல் மூன்று தரப்பினர் அடுத்தடுத்து அதைச் சாதித்தார்கள். அன்று வந்தவையும் அடுத்த பத்தாண்டுகளில் வந்தவையும்தான் இன்று சேகரிப்பாளர்களின் பெட்டிகளிலிருந்து கைமாறுகின்றன. விற்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிற சில காரியங்களே பல நேரங்களில் விலையைக் கெடுத்துவிடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பவை இந்த நம்பிக்கைகள்.

நம்பிக்கை: பாலிஷ் போட்டுக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்கும்.

உண்மை நேர்மாறானது. பாலிஷ் போடுவது என்றால் கீறல் இருக்கும் ஆழம்வரை உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. எடுத்த உலோகம் திரும்பி வராது. 1970களின் ஹோயர் ஆட்டாவியா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். கேஸின் மேற்பரப்பில், நடுவிலிருந்து வெளிப்புறமாக விரியும் மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தப் பரப்பு முடிகிற இடத்தில் பளபளப்பான சாய்வு விளிம்பு தொடங்கும். இரண்டுக்கும் இடையே கூர்மையான எல்லை தெரியும். சாதாரணக் கடையில் ஒருமுறை மெஷினில் பிடித்தாலே கோடுகள் அழிந்து, விளிம்பு மழுங்கி, கேஸ் சோப்புக்கட்டிபோல் ஆகிவிடும். விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். கீறல்களை அவர் பொறுத்துக்கொள்வார், மழுங்கலைப் பொறுக்கமாட்டார். விற்பவர் செய்ய வேண்டியது மென்மையான துணியால் துடைப்பது மட்டுமே.

நம்பிக்கை: மங்கிய டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் மதிப்பு கூடும்.

பழைய கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு டயலுக்கு உரியது. அதைத் திரும்ப வரைந்துவிட்டால், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், அது அசல் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. சீக்கோ 6139 வகையை எடுத்துக்கொள்ளலாம். பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டையும் அடுத்தது மாதத்தையும் சொல்லும். 3இல் தொடங்கினால் 1973. தொடக்க கால டயல்களில் 70 மீட்டர் ஆழம்வரை 'வாட்டர் ப்ரூஃப்' என்று அச்சிட்டிருந்தார்கள். பிறகு அது 'ரெசிஸ்ட்' என்றாகி, கடைசியில் அந்த வரியே இல்லாமல் போனது. 1975ஆம் ஆண்டு வரிசை எண் கொண்ட கடிகாரத்தின் டயலில் 'ப்ரூஃப்' என்றிருந்தால், டயல் வேறெங்கிருந்தோ வந்தது என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இருட்டில் ஒளிரும் பூச்சும் அப்படித்தான். அக்கால சுவிஸ் டயல்களின் அடியில் காணப்படும் 'டி' எழுத்து டிரிட்டியத்தைக் குறிக்கும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். ஐம்பது ஆண்டுகளில் அதில் எஞ்சியிருப்பது பதினாறில் ஒரு பங்குதான். அத்தகைய டயல் இன்றும் இரவெல்லாம் பிரகாசமாக ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். மஞ்சளித்துப்போன பழைய பூச்சுதான் வாங்குபவருக்கு வேண்டும்.

நம்பிக்கை: பக்கவாட்டுத் திருகு (கிரௌன்) இடப்பக்கம் இருந்தாலோ, சாவி ஏறாவிட்டாலோ கடிகாரம் பழுது.

ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், துபுவா-தெப்ரா ஆகியவை சேர்ந்து உருவாக்கிய கேலிபர் 11 மெஷினில் திருகு இடப்பக்கமும் பட்டன்கள் வலப்பக்கமும் இருக்கும். பியூரன் மெஷினின் மேல் குரோனோகிராஃப் பகுதியைத் தனி அடுக்காகப் பொருத்தியதால் வந்த அமைப்பு அது. ஹோயர் மொனாக்கோவின் அடையாளமே அதுதான்.

சீக்கோ 6139இல் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவே முடியாது. கையில் கட்டி அசைத்தால்தான் ஓடும். பல மாடல்களில் திருகைச் சுற்றினால் டயலைச் சூழ்ந்த உள்வளையம் சுழலும். பாதி அழுத்தினால் தேதியும் முழுக்க அழுத்தினால் கிழமையும் மாறும். இது தெரியாமல் 'ரிப்பேர்' என்று அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவர் இழப்பது தன் பணத்தை.

நம்பிக்கை: 'உலகின் முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்' என்று விளம்பரத்தில் போட்டால் விலை ஏறும்.

ஜெனித் தன் எல் பிரிமெரோவை 1969 ஜனவரி 10 அன்று அறிவித்தது. கேலிபர் 11 கூட்டணி மார்ச் 3 அன்று ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் அறிவித்தது. சீக்கோ மே மாதத்தில் ஜப்பானில் விற்பனையையே தொடங்கிவிட்டது. அறிவிப்பைக் கணக்கில் எடுத்தால் ஒருவர் முதல், கடைக்கு வந்ததைக் கணக்கில் எடுத்தால் இன்னொருவர் முதல். சேகரிப்பாளர்கள் இந்த வழக்கை நன்கு அறிவார்கள். அந்த வாசகத்துக்காக யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. கையிலிருக்கும் கடிகாரம் எந்த ஆண்டு, எந்த மாடல் என்ற விவரம்தான் பயன்படும்.

நம்பிக்கை: ஏலத்தில் கோடிகளுக்குப் போனதே, நம்முடையதும் போகும்.

நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குமேல் விலைபோனது. அது ஆட்டோமேட்டிக்கூட அல்ல, சாவி கொடுக்கும் கடிகாரம். 'லெ மான்' படத்துக்காக ஸ்டீவ் மெக்குவீன் அணிந்த மொனாக்கோ ஒன்று 2020இல் 22 லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த விலைகள் அந்த மனிதர்களின் கைகளுக்குக் கிடைத்தவை. அதே மாடலின் மற்ற கடிகாரங்களுக்கு இவை அளவுகோல் ஆகா.

புகழ் எல்லாவற்றையும் கோடிக்கு உயர்த்திவிடும் என்றும் சொல்ல முடியாது. விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலாப் 4 பயணத்தில் தன் சொந்த சீக்கோ 6139ஐ எடுத்துச் சென்றார். விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் என்று கருதப்படும் அந்தக் கடிகாரமே 2008 ஏலத்தில் ஏறத்தாழ 6 ஆயிரம் டாலருக்குத்தான் போனது. விலை வைக்கும் முன் பார்க்க வேண்டியது, அதே மாடல், அதே நிலையில் அண்மையில் உண்மையாகவே விற்றுமுடிந்த விலைகளை. கேட்கப்படும் விலைகள் வெறும் ஆசைகள்.

நம்பிக்கை: ஓடுகிறது என்றால் போதும்; குறையைச் சொன்னால் விலை விழும்.

எண்ணெய் வற்றிய மெஷினும் ஓடும். உள்ளே சக்கர அச்சுகள் தேய்ந்துகொண்டே ஓடும். பட்டனை அழுத்தினால் விநாடி முள் தயங்காமல் கிளம்புகிறதா, நிமிட முள் ஒழுங்காக நகர்கிறதா, நிறுத்திவிட்டு மற்ற பட்டனை அழுத்தினால் முள் சரியாகப் பன்னிரண்டில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அந்தக் காலத்து நீர்காப்பை இன்று நம்பவே கூடாது. அண்மையில் சர்வீஸ் செய்திருந்தால் ரசீதைக் காட்டலாம். செய்யவில்லை என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மறைத்த குறை பின்மூடியைத் திறந்ததும் வெளிவந்துவிடும். அதன்பின் விற்பவர் சொன்ன மற்ற எதையும் வாங்குபவர் நம்பமாட்டார். நல்ல விளம்பரம் இப்படி இருக்கும்: "சீக்கோ 6139-6005, 1973 நவம்பர். கேஸ் பாலிஷ் போடப்படவில்லை. டயல், முட்கள் அசல். கண்ணாடி மாற்றியது. உள்வளையம் சுழலவில்லை. சர்வீஸ் விவரம் தெரியாது." கூடவே டயல், இரு பக்கவாட்டு விளிம்புகள், வரிசை எண்ணுடன் பின்மூடி, திறந்த மெஷின் ஆகியவற்றின் படங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. பழைய பெட்டியும் உத்தரவாத அட்டையும் கடைச்சீட்டும் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். அந்தக் காகிதங்களுக்கும் வாங்குபவர் தனியே பணம் கொடுப்பார்.