இலையில் இடுவது எது?

பிருகு முனிவர் தவமிருந்து பிரம்மத்தை அறிய முயன்றபோது, முதலில் அவருக்குப் புலப்பட்டது அன்னமே என்று தைத்திரீய உபநிஷதம் கூறுகிறது. அவரது தேடல் அங்கே நிற்கவில்லை. பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என மேலே சென்றது. ஆயினும் முதற்படி அன்னமே. அன்னத்தாலான இவ்வுடல் தளர்ந்தால் ஜபமும் தியானமும் சேவையும் தளர்கின்றன. ஆகவே அன்னத்தின் இயல்பை அறிவது சாதனைக்குப் புறம்பானதன்று.

மாவுச்சத்தும் கொழுப்பும் உடலை இயக்கும் ஆற்றலைத் தருகின்றன. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும் உள்ளன. புரதம் தசைகளை வளர்க்கிறது. தேய்ந்த திசுக்களைப் புதுப்பிக்கிறது. இரும்புச்சத்து குருதிக்கும், சுண்ணாம்புச்சத்து எலும்புக்கும் இன்றியமையாதவை. வைட்டமின்கள் சிறிதளவே தேவை. ஆனால் அச்சிறிதளவு இல்லையெனில் பார்வை மங்கும், ஈறுகளில் குருதி கசியும். நார்ச்சத்து குடலைச் சீராக்குகிறது. நீர் சத்துக்களை உடலெங்கும் கொண்டு செல்கிறது. இவற்றுள் ஒன்றின் பணியை மற்றொன்று முழுமையாக ஏற்க இயலாது.

எனவே, பசி அடங்குவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. இதை உணர்ந்து செயலாற்றிய இடம் மைசூர். அரச குடும்பத்திற்குரியதாயிருந்த செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கு, பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகவும் உரமாகவும் பயன்பட்டு வந்தது. அதிலோ ஏறத்தாழப் பாதி புரதம்! தூய்மையாகத் தயாரித்த அம்மாவில் மூன்று பங்கும், கடலைப்பருப்பு மாவில் ஒரு பங்கும் கலந்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச்சத்தும் சேர்த்து, 'பல்நோக்கு உணவு' என்ற சத்துமாவை அந்நிலையத்தார் உருவாக்கினர். ஏழைக் குழந்தையின் புரதக் குறையைப் போக்குவதே அதன் நோக்கம்.

அம்மாநிலத்து உழவரின் உணவிலும் இவ்வறிவு உண்டு. அவர்கள் ராகிக்களியை மொச்சைச் சாற்றுடன் உண்பர். நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மொச்சையில் அது மிகுதி. மொச்சையில் குறைவான மெத்தியோனின் ராகியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

விழா நாட்களில் நாம் அன்னதானம் செய்கிறோம். எத்தனை பேர் உண்டனர் என்று கணக்கிடுகிறோம்; அவர்களுக்கு எதை இட்டோம் என்று எண்ணுகிறோமா? சோறு மட்டும் மிகுந்த இலை வயிற்றை நிரப்பும். வளரும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் அது போதாது. சாம்பாரில் பருப்பைக் கூட்டுவோம். சிறிது எண்ணெயில் தாளித்த கீரையும் ஒரு பிடி சுண்டலும் வைப்போம். எலுமிச்சை பிழிந்தால், அதன் வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை; கவனமே வேண்டும்.

இறைவனுக்குப் படைப்பதில் குறை நேரலாகாது என்று எவ்வளவு விழிப்புடன் இருக்கிறோம்! பசித்து வந்து பந்தியில் அமர்பவனும் நாராயணனே. அவனது இலைக்கும் அதே விழிப்பு உரியது.