ஆடிக்குள் வீடு காலி செய்யும் தம்பதிகளுக்கு

ஆனி பிறந்துவிட்டது. ஜூலை 17 வாக்கில் ஆடி. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச நம் பக்கத்தில் யாரும் துணிவதில்லை. அதனால் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் சுற்றுவட்டாரத்தில் காலி செய்வோர் எல்லோரும் இந்த நாலு வாரத்துக்குள் கிளம்பப் பார்க்கிறார்கள். (இதில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஆடியிலேயே மாறலாம். வண்டிக்காரரிடம் பேரம் பேச இடமிருக்கும்.) கல்யாணமான புதிதில் இங்கே வாடகைக்கு வந்து, இப்போது வேலை மாற்றம், சொந்த ஊர், வெளிநாடு என்று கிளம்பும் இருவருக்காக இந்தக் குறிப்புகள்.

கிளம்பும் முடிவு எடுத்ததும் எல்லோரும் முதலில் அட்டைப்பெட்டி தேடுகிறார்கள். அதற்கு இப்போது அவசரமில்லை. சாமான் கட்ட உங்கள் நாலு கை போதும், கடைசி மூன்று நாளில் முடிந்துவிடும். ஹவுஸ் ஓனர், கேஸ் ஏஜென்சி, பழைய சாமான் வாங்க வருபவர் என்று அடுத்தவர் கை பட வேண்டிய வேலைகள்தான் இழுக்கும். இந்த வாரம் அவற்றை ஆரம்பியுங்கள்.

முதலில் அட்வான்ஸ். காலி செய்வதை வாய்மொழியாகச் சொல்லியிருந்தாலும், ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்து, தேதி போட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழைய சென்னை வழக்கம் புறநகரில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கிகளைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் கையில் இருக்கட்டும். பேச்சில் அதை முதலில் எடுக்காதீர்கள். ஓனரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொல்லி, அறை அறையாகக் காட்டி, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், உடைந்த குழாய்க்கு எவ்வளவு என்று அங்கேயே தொகையாகக் கேளுங்கள். ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடிப்பது இங்கே சகஜம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டால், சாவி கொடுக்கும் நாளில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

இருவரில் ஒருவர் முன்னால் போய் வேலையில் சேர்ந்துவிட, மற்றவர் இங்கே தனியாக எல்லாவற்றையும் முடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒப்பந்தம் கணவர் பெயரில், அட்வான்ஸ் போனது அவர் கணக்கிலிருந்து, இங்கே நிற்பது மனைவி. ஓனர் "சார் வரட்டும், பேசிக்கலாம்" என்று தள்ளிவிடுவார். முன்னால் போகிறவர் கிளம்புவதற்குள் ஓனரிடம் ஒரு செய்தி போட்டுவிட வேண்டும்: கணக்கு முடிப்பவர் இவர், பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும், சாவி இவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வரிதான். இது இல்லாமல் பெங்களூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே போனிலேயே சண்டை போட்ட ஜோடிகள் உண்டு.

கரன்ட் கணக்கில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மின்வாரியம் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் கிளம்பும் நாள் அதன் நடுவில் எங்கோ விழும். வெள்ளை அட்டையில் கடைசியாக எழுதிய எண்ணைப் பாருங்கள். பிறகு மீட்டர் முன் நின்று, திரையில் தேதி, வோல்டேஜ் எல்லாம் மாறி மாறி ஓடி கே.டபிள்யூ.எச். வரும் வரை காத்திருந்து, அந்த எண்ணைப் போட்டோ எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தர வேண்டியது. முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டணம் எகிறும். மே மாதம் ஏசி ஓடிய வீடுகளில் இது சின்னத் தொகை அல்ல. "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஓனர் குத்துமதிப்பாகச் சொன்னால், மின்வாரிய இணையதளத்தில் கட்டணம் கணக்கிடும் வசதி இருக்கிறது, அதைத் திறந்து காட்டுங்கள்.

வெளியூர் போகிறவர்கள் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டி.வி. எனப்படும் வவுச்சரை வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊரில் இணைப்பு கிடைக்க அதுதான் சீட்டு. ஆனால் கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை அடுப்பு எரிய வேண்டுமே! பக்கத்து வீட்டில் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு இரவல் கேட்டு வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றங்களைப் போன இடத்தில் செய்துகொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் தொகுதி மாற்றத்துக்கு படிவம் 8.

கட்டிலும் பீரோவும் பெரிய தலைவலி. தூரத்து ஊருக்கு ஏற்றிப் போனால் லாரி வாடகையில் பாதிக்குப் புதிதே வாங்கலாம் என்கிற நிலை வரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே தூக்கிப் போய் விற்பதை விட, ஒரு வெள்ளிக்கிழமை போய் உங்கள் பீரோ மாதிரி ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதில் பாதி கிடைத்தால் வீட்டு வாசலிலேயே தள்ளிவிடலாம். காயலான் கடைக்காரர் எடை போட்டுத்தான் வாங்குவார், அவரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள். பூந்தொட்டிகளுக்கு விலை வைக்காதீர்கள்; மாடி வீட்டம்மா ஏற்கெனவே கண் வைத்திருப்பார்.

ஊரை விட்டுப் போகாமல், இதே புறநகருக்குள் வேறு வீடு பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆனியில் பார்த்தால் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் அடையாறு ஆதனூர்ப் பக்கம் புறப்பட்டு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் வருகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் கிட்டத்தட்ட 49 செ.மீ. பதிவானது, இந்தப் பகுதிகளில் ஆட்களைப் படகில் மீட்டார்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் புரோக்கரை விட்டுவிட்டு, தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் "இங்கே தண்ணி எது வரைக்கும் வந்துச்சு அண்ணே?" என்று கேளுங்கள். அவர் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவாரா, தோளில் வைத்துக் காட்டுவாரா என்று பாருங்கள். அந்தக் கைக்குக் கீழே வீட்டின் மீட்டர் பெட்டி இருந்தால், வாடகை எவ்வளவு குறைச்சலாக இருந்தாலும் வேண்டாம். தெருவை விட வீட்டுத் தரை தாழ்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பல பள்ளத்துக்குள் போய்விட்டன.

சாமான் ஏற்றும் நாளைக் காலையில் வையுங்கள். ஜூன், ஜூலையில் பகல் முழுக்க வெயில் கொளுத்திவிட்டு, மாலையில் மேற்கே கருத்து இடியோடு கொட்டுவது இங்கே வழக்கம். குட்டி யானைக்கு மேலே தார்ப்பாய் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மெத்தை நனைந்தால் காய வைக்கப் புது வீட்டில் மாடி இருக்குமோ என்னவோ. காலை எட்டு மணிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகராது என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஒரு காலைப் பொழுதை ஊருக்கு ஒதுக்குங்கள். விட்டுப்போன எல்லா இடத்தையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம், அலைச்சல்தான் மிஞ்சும். வண்டலூர்ப் பூங்கா எப்போது வந்தாலும் இருக்கும் (செவ்வாய் விடுமுறை). என் ஓட்டு திருநீர்மலைக்கு. சேலையூரில் ஆறேழு வருஷம் இருந்தும் அந்தப் படி ஏறாதவர்கள் நிறையப் பேர். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் என நாலு கோலத்தில் பெருமாள் இருக்கும் திவ்யதேசம் அது. நீர்வண்ணர் அடிவாரத்திலும் ரங்கநாதர் மலை மேலும் இருக்கிறார். மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். மேலே ஏறி நின்று ஏரிகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையே உங்கள் வீடு எந்தத் திசை என்று இருவரும் தேடிப் பாருங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். யானையின் பின்புறம் போல வளைந்த சோழர் கால விமானம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, கூட்டமும் குறைவு.

கடைசி வாரத்தில் தெருக் கணக்கை முடியுங்கள். பால், பேப்பர், தண்ணி கேன், மாவுக் கடை, பூக்காரம்மா. கேன் டெபாசிட்டை மறந்துவிடாதீர்கள். இஸ்திரிக்காரரிடம் துணி எதுவும் தங்கியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வண்டி கிளம்பிய பிறகு நினைவுக்கு வருவது பெரும்பாலும் பட்டு வேட்டியாகத்தான் இருக்கும். இன்டர்நெட் கம்பெனியின் ரூட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது எத்தனை சாவி, எந்தத் தேதி, எவ்வளவு பணம் வந்தது என்று ஓனரோடு ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.