இன்ஜினைப் பிரிக்கும் முன்

பழைய 2010 மாடல் வேகன்-ஆர் வாங்கினேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் தருகிறது. இன்ஜினைப் பிரிக்கலாமா? — வாசகர், திருப்பூர்

பிரித்தால் மெக்கானிக்குக்குத்தான் மைலேஜ்! முதலில் டேங்கை நிரப்பி, 200 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது.

என் சந்தேகம் வேறு. வண்டி ஹீட் ஆகிறதென்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம்மூர் ஒர்க்‌ஷாப் வழக்கம். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. குளிர்ந்தே கிடக்கிறதென்று எண்ணி வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். பைபாஸில் அரைமணி ஓட்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லையா? புது வால்வைப் போடுங்கள். அப்புறமும் குடித்தால், ஸ்கேனர் மாட்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.