எண்ணெய் அழுத்தம் குறையாதிருக்க எதைப் பொருத்துவது?

கேள்வி: கராஜில் வேலை செய்கிறேன். மலையேற்றப் பந்தயத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தயார் செய்கிறோம். இடையில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும். ஒயில் அக்கியுமுலேட்டர் நல்லதா, தனி முன்னுயவுப் பம்ப் நல்லதா?
– வாசகர், முள்ளிவாய்க்கால்

பதில்: இரண்டும் வெவ்வேறு குறையைத் தீர்ப்பவை. நீண்ட நாள் நின்ற எஞ்சினின் பேரிங்குகளிலிருந்து ஒயில் வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்த முதல் விநாடிகளில் உலோகம் உலோகத்தோடு உரசும். இதற்கு மட்டும் என்றால், ஸ்டார்ட் செய்யுமுன் ஒயிலைச் செலுத்தும் முன்னுயவு மின்பம்ப் போதும். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்டைப் போட்டி போன்றவற்றின் கூரிய வளைவுகளில் ஒயில் சம்பின் ஒரு பக்கம் ஒதுங்க, எஞ்சினின் ஒயில் பம்ப் காற்றை உறிஞ்சும். அங்கே அக்கியுமுலேட்டர்தான் காக்கும். அதன் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன். ஒருபுறம் அழுத்தக் காற்று, மறுபுறம் ஒயில். எஞ்சினில் ஒயில் அழுத்தம் விழுந்ததும் பிஸ்டன் ஒயிலைத் தள்ளும்.

உங்கள் காருக்கு மின்வால்வுள்ள அக்கியுமுலேட்டரே ஏற்றது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் வால்வைத் திறந்தால் முன்னுயவும் கிடைக்கும். 2 அல்லது 3 குவாட், அதாவது சுமார் 1.9 அல்லது 2.8 லீற்றர் அளவு எடுங்கள். குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். ஒயில் பம்ப் வழியே திரும்பாதபடி ஒருவழி வால்வு கட்டாயம். எஞ்சின் ஓடும்போதே வால்வை மூடி, பிறகு நிறுத்துங்கள். அப்போதுதான் அழுத்தம் சேமிப்பில் நிற்கும். கழற்றுமுன் அந்த அழுத்தத்தை வெளியேற்ற மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் சம்புக்குள் தடுப்புத் தகடுகளைப் பொருத்துங்கள். முதற் செலவு அதற்கே.